சுரங்கம் தந்த பள்ளியா, ஊர் வாங்கிய பள்ளியா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் பயணப் பக்கத்தில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஹிப்பிங் நகரின் உயர்நிலைப்பள்ளியைப் பற்றிச் சில வரிகள் வந்திருந்தன. மேடைக்காகவும் சரவிளக்குகளுக்காகவும் பெயர் பெற்ற அரசுப் பள்ளி அது என்று மட்டுமே அங்கே குறிப்பிட்டிருந்தோம். அந்தச் சில வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நாம் நினைக்கவில்லை. அவற்றில் ஐந்தைத் தேர்ந்து இந்த இதழின் பக்கத்தை அந்தப் பள்ளிக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மினியாபொலிசில் வேலை பார்க்கும் மகன் எங்களை ஹிப்பிங்குக்கு அழைத்துச் சென்றிருந்தான். பள்ளியை உள்ளே சென்று பார்த்தோம். அதைப் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று சொன்னார்கள். நம் ஊரில் அந்தப் பெயர் வைத்த பள்ளிகளில் கட்டணம் கட்டி மாளாது. அங்கே எப்படி?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பெயர் ஒன்றுதான், பொருள் நேர் எதிர். இங்கிலாந்தில் கட்டணம் மிகுந்த பழைய தனியார் பள்ளிகளைப் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று அழைப்பது வழக்கம். அந்த வழக்கம் ஆங்கிலேயரோடு கப்பலேறி நம்மிடம் வந்து, இன்று பெயர்ப்பலகைகளில் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் அதே சொல் மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் கட்டணமில்லாப் பள்ளியைக் குறிக்கும். நீங்கள் பார்த்தது அத்தகைய பள்ளி. ‘ஹை ஸ்கூல்’ என்பதை உயர்நிலைப்பள்ளி என்றே நாமும் எழுதுகிறோம் என்றாலும், பன்னிரண்டாம் வகுப்பு வரை செல்வதால் நம் கணக்கில் அது மேல்நிலைப்பள்ளி. ஹிப்பிங்கில் ஏழாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் அந்தக் கட்டடத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

நம் அரசுப் பள்ளியிலிருந்து அது வேறுபடும் இடம் நிர்வாகம். அங்கே பள்ளியைப் பெரும்பாலும் நடத்துவது மாநிலத் தலைநகரில் உள்ள கல்வித் துறை அன்று. ‘பள்ளி மாவட்டம்’ என்னும் தனி உள்ளூர் அமைப்பு நடத்துகிறது. அதன் வாரிய உறுப்பினர்களை ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரி விதிக்கும் அதிகாரமும் அந்த வாரியத்துக்கு உண்டு. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்துவரும் பதில்கள் எளிதில் விளங்கும்.

கேள்வி: அந்தப் பள்ளியைச் சுரங்கக் கம்பெனிதான் ஊருக்குப் பரிசாகக் கட்டிக் கொடுத்தது என்று இணையத்தில் படித்தேன். ஊரையே பெயர்த்து நகர்த்தியதற்குக் கொடுத்த விலை என்றும் ஓர் இடத்தில் இருந்தது. எது சரி?
– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: ஊரை நகர்த்தியது கதை அன்று, நடந்த செய்தி. மினசோட்டாவின் வடகிழக்கே இரும்புத் தாது நிறைந்த மெசாபி தொடரில் 1893ஆம் ஆண்டில் ஃபிராங்க் ஹிப்பிங் என்னும் ஜெர்மானியர் தாது தேடி வந்து அமைத்த ஊர் அது. அங்கே தாது ஆழத்தில் இல்லை. மேல்மண்ணை வழித்தெடுத்தால் கைக்கு எட்டும் அளவில் இருந்ததால், சுரங்கம் என்பது அங்கே நிலத்துக்குள் இறங்கும் குழியாக இல்லாமல், ஆண்டுக்கு ஆண்டு அகன்றுகொண்டே போகும் திறந்த பள்ளமாக இருந்தது. ஹல்–ரஸ்ட்–மஹோனிங் என்று இன்று ஒன்றாகச் சேர்த்து அழைக்கப்படும் அந்தப் பள்ளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. உற்பத்தி உச்சத்தில் இருந்த காலத்தில் அமெரிக்காவில் வெட்டியெடுக்கப்பட்ட இரும்புத் தாதுவில் கால் பங்கு வரை அங்கிருந்து போயிற்று என்பார்கள்.

பள்ளம் அகல அகல ஊரின் விளிம்பைத் தொட்டது. ஊருக்கு அடியிலும் தாது இருந்தது. வீட்டுமனை ஒருவருடையது, மனைக்குக் கீழே கிடந்த தாதுவின் உரிமை வேறொருவருடையது என்ற நிலையில், மேலே இருந்தவர்தான் எழுந்து போக வேண்டியிருந்தது. அங்கே பெரும் சுரங்க முதலாளியாக இருந்தது ஆலிவர் இரும்புச் சுரங்கக் கம்பெனி, அதாவது யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீலின் கிளை. 1919 முதல் 1921 வரையிலான சில ஆண்டுகளில் ஏறத்தாழ 180க்கு மேற்பட்ட கட்டடங்களை அடித்தளத்திலிருந்து பெயர்த்து, உருளும் மரத்துண்டுகளின் மேல் ஏற்றி, குதிரைகளையும் நீராவி இயந்திரங்களையும் கொண்டு இழுத்து, தெற்கே 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஆலிஸ் என்னும் குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள். செல்லர்ஸ் என்ற ஹோட்டல் மட்டும் வழியில் சரிந்து விழுந்து நொறுங்கிப்போயிற்று. (பழைய ஊருக்கும் ஆலிசுக்கும் இடையே 1914ஆம் ஆண்டிலேயே சுரங்கத் தொழிலாளர்களைத் தலைக்கு 15 சென்ட் வாங்கிக்கொண்டு ஒரு காரில் ஏற்றிச் சென்ற கார்ல் விக்மன் என்ற சுவீடன்காரரின் தொழில்தான் பின்னாளில் கிரேஹவுண்ட் பஸ் நிறுவனமாக வளர்ந்தது.)

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். புதிய ஊரில் 1920இல் தொடங்கி மூன்றாண்டு அளவில் முடிந்த அந்தப் பள்ளிக்கு அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 39 லட்சம் டாலர் செலவாயிற்று. ஊரார் மனம் கோணாமல் இடம்பெயர வேண்டும் என்பதற்காகக் கம்பெனி கட்டித் தந்தது என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படுவது. புதிய ஊரில் ஆண்ட்ராய் ஹோட்டல் போன்ற கட்டடங்கள் எழுந்ததில் கம்பெனிக்குப் பங்கு உண்டு என்பதால், அந்தப் பேச்சு முழுக்கப் பிழையும் அன்று. ஆனால் பள்ளியைக் கட்டியது பள்ளி மாவட்டம். அதற்கான பணம் வரியாக வந்தது. அந்த வரியில் பெரும்பகுதியைக் கட்டியவை சுரங்கக் கம்பெனிகள். பணத்தின் ஊற்று ஒன்றே என்பதால் பரிசு என்றும் வரி என்றும் இரண்டு கதைகள் உலவுகின்றன. பரிசென்றால் கொடுப்பவர் மனம் வைத்து, கொடுப்பவர் சொல்லும் அளவுக்குத்தான் வரும். இது அப்படி வரவில்லை.

விக்டர் பவர் என்ற வழக்கறிஞர் 1913ஆம் ஆண்டில் ஊர்த் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சுரங்கங்கள் மீதான வரியை உயர்த்தி, அந்தப் பணத்தில் தெருவிளக்கு, நடைபாதை, குடிநீர் என்று செலவழிப்பதே அவருடைய ஆட்சியின் அடையாளமாக இருந்தது. கம்பெனிகள் வரி கட்ட மறுத்தன, வழக்காடின, ஊதாரித்தனம் என்று மாநிலச் சட்டமன்றத்தில் முறையிட்டன. உள்ளூர் அமைப்புகள் தலைக்கு இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்ற உச்சவரம்பும் 1920களில் வந்தது. சண்டையிட்டு வாங்கிய ஒன்றைப் பிற்காலத்தில் பரிசு என்று சொல்லிக்கொள்வது, கொடுத்தவருக்கும் பெருமை, வாங்கியவரின் பேரப்பிள்ளைகளுக்கும் சங்கடமில்லை. ஊர் வாங்கிய பள்ளி என்பதே என் கட்சி.

கேள்வி: நான் முப்பத்தைந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பளிங்கும் சரவிளக்கும் கொண்ட பள்ளியைக் கட்டுவதைவிட, அதே பணத்தில் பத்துப் பள்ளிகளைக் கட்டியிருக்கலாமே? இது வீண் ஆடம்பரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியாத வாசகர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 1,800 பேர் அமரும் அரங்கம். நியூயார்க்கின் கேப்பிடல் திரையரங்கை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது. அன்றைய செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வரவழைத்த படிகச் சரவிளக்குகள் அதில் தொங்குகின்றன. அவை ஒவ்வொன்றும் இரண்டரை லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டிருப்பதாகச் சொல்வது ஊர்க்காரர்களுக்குப் பிடித்த செய்தி. கையால் வார்த்த கூரை வேலைப்பாடு, பித்தளைக் கைப்பிடிகள், ஆயிரக்கணக்கில் குழல்கள் கொண்ட பார்ட்டன் ஆர்கன் என்னும் காற்றிசைக் கருவி என்று பட்டியல் நீளும். நூலகச் சுவரில் டேவிட் டைஸ் வொர்க்மன் என்னும் ஓவியர் வரைந்த பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. அரண்மனை போன்ற கட்டடத்தில் அரசரையோ தேவதையையோ எதிர்பார்த்துப் போகிறவருக்கு, அந்தச் சுவரில் கிடைப்பவர்கள் தாது வெட்டும் தொழிலாளர்கள். பல தேசங்களிலிருந்து வந்து குடியேறிய சுரங்கக்காரர்கள்.

ஐயா, நீங்கள் கேட்ட கேள்வியைக் கம்பெனிகளும் கேட்டன. சுரங்கக்காரன் பிள்ளைக்கு இவ்வளவு தேவையா என்பதே அவர்களுடைய முறையீட்டின் உட்பொருள். நீங்கள் அந்தக் கருத்தில் கேட்கவில்லை என்பதை அறிவேன். பத்து ஊர்ப் பிள்ளைகளை நினைத்துக் கேட்கிறீர்கள். ஆனால் அன்றைய ஹிப்பிங்கில் கணக்கு அப்படி இருக்கவில்லை. அந்தப் பள்ளி மாவட்டம் செலவழிக்காமல் விட்ட டாலர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போயிருக்காது. கம்பெனியின் இலாபக் கணக்கில் சேர்ந்து நியூயார்க்குக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் போயிருக்கும். தாது ரயிலேறிச் சுப்பீரியர் ஏரிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறிக் கிழக்கே இருந்த உருக்காலைகளுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை போன தாது திரும்பி விளைவதில்லை. போகிற பொருளுக்கு ஈடாகப் போகாத பொருள் ஒன்றைத் தரையில் நட்டுவைத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணியவர்களை ஊதாரிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின்லாந்துக்காரர், சுலோவீனியர், குரோவேசியர், செர்பியர், இத்தாலியர், சுவீடன்காரர் என்று ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத ஊர் அது. 1907இலும் 1916இலும் மெசாபி தொடர் முழுவதும் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர்கள் கறுப்புப் பட்டியலில் ஏறி வேலை இழந்தார்கள். பகலில் பிள்ளைகள் படித்தார்கள். பெரியவர்களுக்கென்று ஆங்கிலமும் குடியுரிமைத் தேர்வுக்கான பாடமும் கற்பிக்கும் இரவு வகுப்புகளை மெசாபி ஊர்களின் பள்ளிகள் நடத்தின. 1916இல் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரி ஒன்றும் பள்ளியோடு சேர்ந்தே இயங்கியது. பள்ளி முடித்த சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை, ஊரை விட்டுப் போகாமல் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். நல்ல சம்பளம் தந்து படித்த ஆசிரியர்களை அந்தக் குளிர்ப் பிரதேசத்துக்கு வரவழைத்தார்கள். கண்ணில் படுவது சரவிளக்கு. வரவு செலவுக் கணக்கில் பெரும்பகுதி ஆசிரியருக்கும் வகுப்புக்கும் போனது.

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. பளிங்குப் படிகளில் ஏறி வகுப்புக்குப் போன பிள்ளை மாலையில் திரும்பியது, பல குடும்பங்களில், கம்பெனி நிலத்தில் சுரங்கத்தை ஒட்டி வரிசையாக நின்ற மரவீட்டுக்கு. பள்ளியில் நீச்சல் குளம் இருந்த காலத்தில் அத்தகைய குடியிருப்புகள் பலவற்றில் சாக்கடை வசதி சரியாக இல்லை. அந்த நிலமே, 19ஆம் நூற்றாண்டு ஒப்பந்தங்களின் வழியாக அமெரிக்கப் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களிடமிருந்து வாங்கப்பட்டது. பள்ளியின் அழகைச் சொல்லும் சுற்றுலாக் கையேடுகள் இவற்றைச் சொல்லி நான் பார்த்ததில்லை.

கேள்வி: பாப் டிலன் அந்தப் பள்ளியில் படித்தவர் என்பது உண்மையா? நோபல் பரிசு பெற்றவரைத் தவிர வேறு யாரும் அங்கிருந்து புகழ்பெறவில்லையா?
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: உண்மைதான். டுலூத் நகரில் 1941இல் பிறந்த ராபர்ட் சிம்மர்மன் (பாடகர் டிலனின் இயற்பெயர் அதுதான்) சிறுவயதிலேயே குடும்பத்தோடு ஹிப்பிங்குக்கு வந்து, 1959இல் அந்தப் பள்ளியில் படிப்பை முடித்தார். பள்ளி ஆண்டுமலரில் அவருடைய படத்துக்குக் கீழே, வருங்கால இலட்சியமாக, ராக் பாடகர் லிட்டில் ரிச்சர்டோடு சேர்ந்துகொள்வது என்று இருக்கிறது. அந்த 1,800 இருக்கை அரங்கின் மேடையில் அவர் பள்ளிப்பிள்ளையாக ஏறிப் பாடியபோது சத்தம் தாங்காமல் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியை அணைத்தார் என்ற செய்தியும் உண்டு. பின்னாளில், 2016ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசை ஏற்று அளித்த உரையில், பள்ளி நாள்களில் படித்த நூல்களே வாழ்க்கையைப் பார்க்கும் பார்வையைத் தமக்குத் தந்தன என்று குறிப்பிட்டார்.

கூடைப்பந்தாட்டக்காரர் கெவின் மெக்ஹேல் 1976இல் அங்கே படித்து முடித்தவர். ஆனால் அந்தப் பள்ளியைப் புரிந்துகொள்ள நான் எடுத்துக்கொள்ளும் பெயர் இவர்கள் இருவருமில்லை. ரூடி பெர்பிச் என்பவர் ஒருவர் இருந்தார். குரோவேசியாவிலிருந்து வந்து சுரங்கத்தில் வேலை செய்த தொழிலாளியின் மகன். பள்ளிக்குள் முதன்முதலில் அடியெடுத்து வைத்தபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. 1946இல் ஹிப்பிங் உயர்நிலைப்பள்ளியில் தேறி, பிறகு உள்ளூர் ஈராண்டுக் கல்லூரியிலும் படித்துப் பல் மருத்துவரானார். ஊரிலேயே தொழில் செய்துகொண்டு, 1950களில் தேர்தலில் நின்று, தாம் படித்த பள்ளியை நிர்வகிக்கும் வாரியத்தில் உறுப்பினரானார். அங்கிருந்து மாநில மேலவை, துணை ஆளுநர் என்று உயர்ந்து, 1976 முதல் 1979 வரையிலும் மீண்டும் 1983 முதல் 1991 வரையிலும் மினசோட்டாவின் ஆளுநராக இருந்தார். அமெரிக்க மாநில ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சருக்கு நிகரானவர், மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்.

அவருடைய ஆட்சியில் 1985ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. மேல்வகுப்பு மாணவர்கள் பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடங்களைப் படிக்கலாம், அதற்கான கட்டணத்தை மாநிலம் ஏற்கும் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் அப்படி ஒரு திட்டத்தை முதலில் கொண்டுவந்த மாநிலம் அதுதான். பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே சுவர் இல்லாத ஊரில் வளர்ந்தவருக்கு இப்படித் தோன்றியதில் வியப்பில்லை. பாடகர் எங்கும் பிறக்கலாம். பெர்பிச்சைப் போன்றவர் உருவாவதற்கு அப்படியொரு பள்ளியும், அதை நடத்த வாக்குரிமை உள்ள ஊரும் வேண்டும்.

கேள்வி: தாது தீர்ந்த பிறகு அந்தப் பள்ளிக்கு யார் படியளக்கிறார்கள்? இப்போதும் கம்பெனிதானா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உயர்தரத் தாது இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரும்பாலும் தீர்ந்துபோயிற்று. எஞ்சியிருந்தது டாக்கனைட் என்னும் கடினப் பாறை. அதில் இரும்பு குறைவு. அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, உருண்டைகளாக்கிச் சுட்டால்தான் உருக்காலைக்கு ஆகும். அதற்குப் பெரும் முதலீடு வேண்டும் என்பதால் கம்பெனிகள் உத்தரவாதம் கேட்டன. மற்றத் தொழில்களைவிட டாக்கனைட்டுக்குக் கூடுதல் வரி விதிப்பதில்லை என்று 25 ஆண்டுகளுக்கு உறுதி தரும் திருத்தத்தை 1964இல் மினசோட்டா வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். விக்டர் பவர் உயிரோடு இருந்திருந்தால் அதை எப்படிப் பார்த்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆயினும் சொத்து வரிக்கு ஈடாக, உற்பத்தியாகும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு வரி வசூலிக்கப்பட்டு, சுரங்கப் பகுதியின் ஊர்களுக்கும் பள்ளி மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது. ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: கம்பெனியும் உண்டு, முன்போல் அது மட்டும் இல்லை.

மினசோட்டா முழுவதற்குமான ஏற்பாடுகள் வேறு இரண்டு உண்டு. சுரங்கத் தொழில் மீது தனி வரி விதிக்க 1922இல் மாநில அரசியல் சட்டம் திருத்தப்பட்டபோது, அதில் 40 விழுக்காடு மாநிலத்தின் நிரந்தரப் பள்ளி நிதிக்கு என்று ஒதுக்கினார்கள். ஹிப்பிங்கின் தாது, இரும்பையே காணாத தெற்கத்தி உழவர் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்த வழியில் போய்ச் சேர்ந்தது. மதுரை ஆசிரியரின் பத்துப் பள்ளிகளுக்கு வழி இங்கேதான் திறந்தது. பிறகு 1971இல், பள்ளிச் செலவில் பெரும்பங்கை மாநிலமே ஏற்கும் வகையில் நிதிமுறை மாற்றப்பட்டது. சொத்து மதிப்பு மிகுந்த ஊருக்கு நல்ல பள்ளி, ஏழை ஊருக்கு ஏழைப் பள்ளி என்ற வேறுபாட்டைக் குறைப்பதே அதன் நோக்கம். எல்லா மாநிலங்களும் அப்படிச் செய்துவிடவில்லை. டெக்சாசின் ஏழைப் பெற்றோர் தொடுத்த வழக்கில், இத்தகைய வேறுபாடு நாட்டின் அரசியல் சட்டத்துக்கு முரணானது அன்று என்று உச்ச நீதிமன்றம் 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

இவையெல்லாம் போக, பற்றாக்குறை வந்தால் பள்ளி வாரியம் ஊராரிடமே போக வேண்டும். கூடுதல் வரிக்கு ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு நடத்துவார்கள். பள்ளி வயதுப் பிள்ளை இல்லாத வீடும் அந்த வரியைக் கட்ட வேண்டும், அந்த வீட்டாருக்கும் வாக்கு உண்டு. 1980இல் 21 ஆயிரத்தைத் தாண்டியிருந்த ஹிப்பிங்கின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 16 ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டது. ஆனால் கூரையைச் செப்பனிடுவதற்கும் அரங்கத்தைச் சூடேற்றுவதற்கும் ஆகும் செலவு மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துக் குறைவதில்லை.